வீட்டு ஓனர்கிட்ட யாரு பேசறது: ஆதரவு வீட்டுலேருந்து தனி ரூமுக்குப் போன ஒரு அக்காவோட கேஸ்

முதல்ல யாரு கேஸுன்னு சொல்லிடறேன். பேரு போடல, சில விவரத்த மாத்தியிருக்கேன், அவங்கள கேட்டுட்டுதான் எழுதறேன். வயசு அம்பதத் தாண்டியாச்சு, விழுப்புரம் பக்கம் ஊரு, எழும்பூர் ஸ்டேஷன சுத்தியே பல வருஷம் ரோட்டுல இருந்தவங்க, அதனால கூட இருந்த பொம்பளைங்க வெச்ச பேரு எக்மோர் அக்கா. இங்கயும் அப்படியே வெச்சுக்கலாம். ஓபி சீட்டுல ஸ்கிசோஃப்ரினியான்னு இருக்கும், அதாவது குரலெல்லாம் கேக்கற மாதிரியான தீவிர மனநோய். ஆஸ்பத்திரி, அப்புறம் ஹோம், அதுக்கப்புறம் வில்லிவாக்கம் பக்கம் எங்க அமைப்பு வாடகைக்கு எடுத்திருந்த வீட்டுல நாலு பேரோட ஆறு வருஷம். கூடவே தங்கற ஒரு கேர் டேக்கர், வாரம் ஒரு தடவ சோஷியல் ஒர்க்கர், இதுதான் செட்டப். ஆதரவு வீடுன்னு சொன்னா புரியும்.

இந்த மாதிரி வீடு சென்னைக்கு ஒண்ணும் புதுசில்ல. 1993ல வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் ஆரம்பிச்ச பான்யன்ங்கற மனநல அமைப்பு, 2015 வாக்குல ஹோம் அகெய்ன்னு ஒண்ணு தொடங்கி, வருஷக்கணக்கா மனநல நிலையத்துக்குள்ளயே இருந்த பெண்கள நாலஞ்சு பேரா சாதாரண தெருவுல சாதாரண வாடகை வீட்டுல குடி வெச்சாங்க. நாங்க சின்ன அமைப்பு, ஆனா வழி அதேதான். அமெரிக்காவுல இதுக்கு இன்னும் நீளமான கத இருக்கு, 1992ல நியூயார்க்ல சாம் செம்பெரிஸ்ங்கறவர் 'முதல்ல வீடு, மத்ததெல்லாம் அப்புறம்'னு ஆரம்பிச்சாரு. அப்படிப்பட்ட வீடுகள்ல பல வருஷம் நல்லா இருந்தவங்க அங்கேருந்து தனி வாடகை வீட்டுக்குப் போறதுக்கு 'மூவிங் ஆன்'னு தனி ப்ரோக்ராமே இப்ப அங்க இருக்கு. லாஜிக் சிம்பிள், இவங்களுக்கு இனிமே அவ்வளவு கவனிப்பு வேணாம், அந்த எடம் ரோட்டுல இருக்கற இன்னொருத்தருக்கு ஆகும்.

நம்ம சட்டமும் கிட்டத்தட்ட இதத்தான் சொல்லுது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 19: குடும்பம் இல்ல, குடும்பம் சேத்துக்கல, வீடு இல்லங்கற காரணத்துக்காக மட்டும் ஒருத்தர மனநல நிலையத்துக்குள்ளயே வெச்சிருக்கக் கூடாது. எழுதினவங்களுக்குப் புண்ணியமா போகட்டும். ஆனா அயனாவரத்துல தனியா இருக்கற பொம்பளைக்கு ஒரு ரூம் வாங்கிக் குடுன்னா அந்தப் பிரிவ எந்த ப்ரோக்கர்கிட்ட காட்டறது.

எக்மோர் அக்கா ரெடியா இல்லையாங்கறதுல எங்க டீம்ல பெரிய விவாதம் எதுவும் இல்ல. மாவு கடையில நாலு வருஷமா வேல, காலைல அரிசி களையறதுலேருந்து அரை கிலோ ஒரு கிலோ பாக்கெட் கட்டறது வரைக்கும் அவங்கதான், சம்பளம் 9,500. மாத்திரைய அவங்களே எடுத்துப் போடறாங்க, ஓபி நாள மறக்கறதில்ல, மீன் கொழம்பு வெச்சா நாலு வீடு தள்ளி வாசன வரும். எங்ககிட்ட இருக்கற லைஃப் ஸ்கில்ஸ் ஃபாரத்துல எல்லா கட்டத்துலயும் டிக். அவங்களா வந்து கேட்டதும்தான்: "தம்பி, கேர் டேக்கர் பத்து மணிக்கு லைட்ட அணைக்கறா. எனக்கு பதினொண்ணர வரைக்கும் சீரியல் இருக்குது." காமெடியா தெரியும், ஆனா எனக்கு இதவிட நல்ல காரணம் தேவப்படல.

ரூம் தேடற படலத்த சீக்கிரமா தாண்டிடறேன், சென்னையில வாடகைக்கு வீடு தேடின எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். எத்தன பேரு, புருஷன் எங்க, சொந்தக்காரங்க வந்து போவாங்களா, என்ன ஆளுங்க, நான் வெஜ் செய்வீங்களா, இதே கேள்விதான், தனியா இருக்கற அம்பது வயசு பொம்பளைன்னா இன்னும் ரெண்டு கேள்வி கூட வரும். கடைசியா அயனாவரம் பக்கம் ஒரு லைன் வீட்டுல, கீழ ஒரு ரூமும் ஓரமா அடுப்பு மேடையும், பாத்ரூம் பொது, வாடகை 4,000, அட்வான்ஸ் பத்து மாசம்னு கேட்டாங்க. 2019 பிப்ரவரில நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக் கூடாதுன்னு சொல்லுது, எழுத்துல அக்ரிமெண்ட் வேணும்னும் சொல்லுது. ஓனர் அம்மாகிட்ட சட்டத்த எடுத்தா ரூம் போயிடும், அதனால பேரம்தான், 20,000க்கு வந்துச்சு. அதுல 12,000 அக்காவோட சேமிப்பு, மிச்சம் எங்க ஃபண்ட்.

சட்டம் பேசாம விட்டோம், ஆனா ஒரு விஷயத்துல மட்டும் அசையல. ஓனர் அம்மா "உங்க ஆபிஸ் பேர்லயே எழுதிக்கலாமே சார், அந்தம்மா பேர்ல எதுக்கு"ன்னாங்க. அவங்களுக்கு அது சேஃப், எங்களுக்கும் ஒரு வகையில சௌகரியம், பத்து நிமிஷத்துல வேல முடிஞ்சிருக்கும். முடியாதுன்னோம். அக்ரிமெண்ட் அக்கா பேர்ல, அட்வான்ஸ் ரசீது அக்கா பேர்ல, நாங்க வெறும் சாட்சி. ஆபிஸ் பேர்ல இருந்தா நாளைக்கு ரூம்ல என்ன நடந்தாலும் ஓனர் எங்களுக்குத்தான் போன் போடுவாங்க, அக்கா அந்த ரூம்ல விருந்தாளி மாதிரி இருப்பாங்க. அந்த அக்ரிமெண்ட வெச்சுதான் பின்னாடி ஆதார்ல அட்ரஸ் மாத்தினது, ரேஷன் கார்டுக்கு எழுதிப் போட்டது எல்லாம். அதுவரைக்கும் ஆதார்ல எங்க ஹோம் அட்ரஸ்தான் இருந்துச்சு.

வியாதியப் பத்தி ஓனர்கிட்ட சொல்லணுமாங்கறதும் வந்துச்சு. சட்டப்படி அது ரகசியம், அவங்க அனுமதி இல்லாம நாங்க வாயத் திறக்க முடியாது. எங்க ஆளுங்கள்ல ஒருத்தர், முன்னாடியே சொல்லிட்டா பின்னாடி பிரச்ன வராதுன்னாரு. அக்கா ஒரே வார்த்தையில முடிச்சாங்க: "மாத்திர சாப்புடறேன்னு சொல்லு, எதுக்குன்னு கேட்டா தூக்கத்துக்குன்னு நான் சொல்லிக்கறேன்." அப்படியே விட்டோம்.

இப்ப கணக்கு. அமெரிக்காவுல இப்படி வெளிய போறவங்களுக்குப் பெரும்பாலும் அரசாங்க வாடகை வவுச்சர் கைல இருக்கும், வருமானத்துல சுமார் 30 சதவீதம் இவங்க கட்டினா மிச்சத்த வவுச்சர் பாத்துக்கும். அந்தக் கணக்குல அக்கா கட்ட வேண்டியது 2,850. இங்க வவுச்சரும் கெடையாது ஒண்ணும் கெடையாது, கட்டறது 4,000, சம்பளத்துல 42 சதவீதம். இத தாங்க வெக்கறது வேற சில விஷயங்கள்: ஒயிட் போர்டு பஸ்ல 2021லேருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்ல, காலைல கை ஒழியலன்னா அம்மா உணவகத்துல ஒரு ரூபாய் இட்லி, கவர்மெண்ட் ஆஸ்பத்திரில மாத்திர ஃப்ரீ, மதியம் மாவு கடையிலயே சாப்பாடு. இதுல ஏதாவது ஒண்ணு கழண்டாலும் கணக்கு ஒதைக்கும். ஏன் வாரியக் குடியிருப்புக்கு எழுதிப் போடலன்னு கேக்கறவங்க இருக்காங்க. கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் ஊரோட அந்தக் கோடி, காலைல அஞ்சரைக்கு மாவு கடையில நிக்கணும்னா எத்தன மணிக்குக் கெளம்பறது? வீட்டக் குடுத்துட்டு வேலையப் புடுங்கினா அது என்ன உதவி.

போன பிறகு எப்படி கூட நிக்கறதுங்கறதுக்கு நாங்க எடுத்துக்கிட்டது சிடிஐன்னு (கிரிட்டிக்கல் டைம் இன்டர்வென்ஷன்) சொல்ற ஒன்பது மாச முற. நியூயார்க்ல ஷெல்டர்லேருந்து வெளிய போன ஆண்கள வெச்சு 1997ல எஸ்ரா சஸரும் கூட இருந்தவங்களும் வெளியிட்ட ஆய்வுலேருந்து பரவினது. 96 பேர், பாதிப் பேருக்கு இந்த ஒன்பது மாச தொணை, பாதிப் பேருக்கு வழக்கமான சேவை மட்டும். பதினெட்டு மாசத்துல தொணை இருந்தவங்க சராசரியா 30 ராத்திரி வீடில்லாம இருந்தாங்க, இல்லாதவங்க 91 ராத்திரி. அதுல எனக்குப் புடிச்ச விஷயம் நம்பர் இல்ல, ஒன்பது மாசத்த மூணா பிரிக்கறது. முதல் மூணு மாசம் கூடவே, அடுத்தது தள்ளி நின்னு பாக்கறது, கடைசி மூணு மாசம் அங்க அக்கம்பக்கத்துல இருக்கறவங்க கைல ஒப்படைக்கறது. விட்டுட்டுப் போற தேதி முதல் நாளே தெரியும்.

முதல் ரெண்டு மாசம் எதிர்பார்த்ததுதான் நடந்துச்சு. ராத்திரி தூக்கமில்ல, யாரோட கொறட்டயும் கேக்கலன்னு ஒரு பொலம்பல், வாரத்துல பாதி நாள் சாப்பாட்டுக்குப் பழைய வீட்டுக்கே வந்துடறது. வரட்டும்னு விட்டோம், கல்யாணம் ஆகிப் போன பொண்ணே மாசத்துக்கு நாலு தடவ வந்துட்டுதான் போவுது.

மூணாவது மாசம்தான் மேட்டர்.

மாவு கடைக்காரர் போன் பண்ணாரு. "சார், அக்கா ரெண்டு மூணு நாளா ஒரே பொடவைல வராங்க. தலையும் ஒரு மாதிரி இருக்கு. சாப்புடற பொருள் சார், கஸ்டமர் பாப்பாங்க." குளிக்காம இருக்கறது, துணி மாத்தாம இருக்கறது, யாரோடயும் பேசாம இருக்கறது. இந்த ஃபீல்டுல இருக்கற யாருக்கும் இதக் கேட்டதும் மனசுல ஒரே வார்த்ததான் வரும், மாத்திரைய விட்டுட்டாங்க. எங்க சோஷியல் ஒர்க்கர் போனதும் முதல்ல பண்ணது அட்டைய எடுத்து எண்ணினது. கணக்கு கரெக்ட்டா இருந்துச்சு, ஒரு ரிஸ்பெரிடோன் மாத்திர கூட கூடுதலா மிச்சமில்ல. அப்ப குரல் ஏதும் திரும்ப கேக்குதான்னு கேட்டா, இல்லன்னாங்க. டோஸ் பத்தலையோன்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறதா பேச்சு, அடுத்த ஓபி நாள் வரைக்கும் காத்திருக்கணுமான்னு வேற ஒரு பேச்சு.

கதவுக்குப் பின்னாடி நீல ட்ரம் ஒண்ணு இருந்துச்சு, தண்ணி புடிச்சு வெக்க நாங்க வாங்கிக் குடுத்தது. மூடிய தட்டு மாதிரி கவுத்து அது மேல சின்ன வெங்காயம் காய வெச்சிருந்தாங்க. எடுத்துப் பாத்தா அடியில தூசி, ஒரு பல்லி முட்டை ஓடு. அந்த ட்ரம்ல தண்ணி விழுந்து பல நாள் ஆயிருக்கு.

அந்த வீட்டுல ஆறு போர்ஷனுக்கு ஒரு சம்ப், விடியக்காலம் அரை மணி நேரம் மோட்டார் போடுவாங்க, அதுக்குள்ள ஆளாளுக்குப் புடிச்சுக்கணும். மாடியில இருக்கற ஒரு அம்மா ஒரு நாள், "தனிக்கட்டைக்கு எதுக்குடி ட்ரம்மு நெறைய தண்ணி, இங்க புள்ளகுட்டிக்காரங்க நாங்க இன்னா பண்றது"ன்னு கத்தியிருக்காங்க. அடுத்த நாள்லேருந்து அக்கா ட்ரம்ம நிறுத்திட்டு ரெண்டு குடம், அப்புறம் ஒரு குடம், அப்புறம் மோட்டார் சத்தம் கேட்டாலும் கதவத் தொறக்கறதில்ல. குடிக்க கேன் தண்ணி, பாத்திரம் கழுவ கடையிலேருந்து ரெண்டு பாட்டில், குளியல் எப்பவாவது பழைய வீட்டுல.

ஏன் சொல்லலன்னு கேட்டதுக்கு அவங்க சொன்னத அப்படியே எழுதறேன்: "கேட்டா சண்ட வரும். சண்ட வந்தா ஓனரம்மா காலி பண்ணுன்னுவா. காலி பண்ணா நீங்க என்ன திருப்பி ஆஸ்பத்திரியில போடுவீங்க." தண்ணி சண்டையிலேருந்து ஆஸ்பத்திரிக்கு ரெண்டே படி. நமக்கெல்லாம் தண்ணி சண்டன்னா தண்ணி சண்ட, அதோட முடிஞ்சுது, மறுநாள் அதே பைப்படியில நிப்போம். ரோட்டுலேருந்தும் வார்டுலேருந்தும் வந்தவங்களுக்கு எந்தச் சின்ன சண்டையும் அங்க கொண்டுபோய் விட்டுடும்ங்கற கணக்கு உள்ளுக்குள்ள ஓடிட்டே இருக்கு. அது வியாதி இல்ல, அனுபவம்.

இந்த எடத்துலதான் ஆதரவு வீடு என்ன சொல்லிக் குடுக்குது, என்ன சொல்லிக் குடுக்கறதில்லன்னு பட்டுன்னு தெரியுது. சமையல், மாத்திர, பஸ்சு, பாங்க், வேல, எல்லாம் வந்துடுது. ஆனா ஆறு வருஷத்துல ஒரு தடவ கூட அக்கா கையால வாடக போனதில்ல, அது ஆபிஸ் அக்கவுண்ட்லேருந்து போயிடும். குழாய் ஒழுகினா கேர் டேக்கர் போன் பண்ணுவாங்க. ஈபி பில்லு எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது. ஓனர் கொரல உசத்தினா கோஆர்டினேட்டர் போய் சமாதானம் பண்ணிட்டு வருவாரு. இதெல்லாம் நல்ல எண்ணத்துல பண்றதுதான், ஆனா ஆறு வருஷம் வாடகை வீட்டுல குடியிருந்த ஒருத்தர் வாடகைக்காரரா ஒரு நாள் கூட இருந்ததில்ல. எங்க ஃபாரத்துல 'ஓனரோட சண்ட போடத் தெரியுமா'ன்னு ஒரு கட்டம் இல்லவே இல்ல.

சரி, தண்ணிக்கு என்ன பண்றது. நான் போய் ஓனர்கிட்ட பேசினா அஞ்சு நிமிஷம், சார் வந்துட்டாருன்னு மறுநாளே ட்ரம் நெறைஞ்சிடும். அத பண்ணல. ரெண்டு சாயங்காலம் பழைய வீட்டுல ஒத்திக பாத்தோம், கூட இருந்த ஒருத்தவங்க ஓனரா நடிச்சாங்க, நெஜ ஓனரவிட மோசமா கத்தினாங்க, எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. அப்புறம் ஒரு ஞாயித்துக்கெழம அக்கா போய் நின்னாங்க, எங்க ஆளு வாசல் கேட்டுக்கு வெளிய, வாயத் தொறக்கக் கூடாதுன்னு கண்டிஷன். "நானும் வாடக குடுக்கறேன்லமா. எனக்கும் புடிக்க எடம் விடச் சொல்லுங்க." அவ்வளவுதான் பேசினாங்க, கை நடுங்கிச்சாம். ஓனர் அம்மா முழு ட்ரம்முக்கு ஒத்துக்கல, முக்கா ட்ரம், கடைசியா புடிக்கணும்னு முடிவு. மாடி வீட்டு அம்மா அப்புறம் ரொம்ப நாள் மூஞ்சத் திருப்பிக்கிட்டுதான் போனாங்க, இன்னமும் பெரிய ஒட்டுறவு எதுவும் இல்ல. அக்கா குளிக்க ஆரம்பிச்சாங்க. டோஸ் மாத்தவே இல்ல.

இந்த ஒரு விஷயத்த எங்க ரெகார்டுல பெருசா எழுதி வெச்சிருக்கோம், ஏன்னா அன்னைக்கு யாரும் ட்ரம்ம பாக்கலன்னா அந்த கேஸ் ஷீட்டுல 'ரிலாப்ஸ்'னு, வியாதி திரும்பிடுச்சுன்னு, ஏறியிருக்கும், டோஸ் ஏறியிருக்கும், மத்தியானம் தூங்கி விழுந்து மாவு கடை வேலையும் போயிருக்கும், கடைசியில தனியா இருக்க இவங்களுக்கு முடியலன்னு ஒரு வரியில முடிச்சிருப்பாங்க.

அதே சமயத்துல வெளிய போன இன்னொருத்தவங்க நாலு மாசத்துல திரும்பி வந்தாங்க. ஓனரோட தம்பி குடிச்சுட்டு ராத்திரி கதவத் தட்டறான், எந்தப் பொம்பள இருப்பா? அவங்க கட்டில அதுவரைக்கும் காலியாவே வெச்சிருந்தோம். காலி கட்டிலுக்கு எதுக்கு வாடகன்னு ஃபண்ட் குடுக்கறவங்க கேப்பாங்க, நியாயமான கேள்விதான், ஆனா திரும்பி வர எடம் இருக்குன்னு தெரிஞ்சாதான் ஒருத்தர் தைரியமா வெளிய போவாங்க. அத ரிப்போர்ட்ல தோல்வின்னு போடச் சொன்னப்ப நான் போடல, பாதுகாப்பில்லாத வீடுன்னு போட்டேன்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். அயனாவரம் அந்தப் பக்கம் தெருவுல முட்டி அளவு தண்ணி, கரண்ட் இல்ல, போனும் எடுக்கல. நாங்க இங்கேருந்து தவிச்சுட்டு இருக்கோம், பழைய வீட்டுக்கு வந்துடுவாங்கன்னு பாத்தா வரல. மாவு கடைக்கு மேல கடைக்காரர் குடும்பம் இருக்கற போர்ஷன்ல போய் இருந்திருக்காங்க. எடுத்துட்டுப் போனது ஒரு துணிக்கட பை, அதுல மாத்திர, பாஸ்புக், பாலிதீன் கவர் சுத்தின வாடகை அக்ரிமெண்ட். தண்ணி வடிஞ்சப்புறம் அரசாங்கம் ரேஷன் கடையில 6,000 ரூபாய் குடுத்தாங்க, கார்டு கைக்கு வராதவங்க அங்கயே ஃபாரம் எழுதிக் குடுக்கணும், அக்காவும் வரிசையில நின்னு எழுதிக் குடுத்தாங்க, கூட வந்தது கடைக்காரர் சம்சாரம்.

அந்த வாரம் பூரா கரண்டு இல்லாம கிரைண்டர் ஓடல, கடை மூடல், சம்பளத்துல புடிச்சுட்டாங்க. அஞ்சாம் தேதி கட்ட வேண்டிய வாடக கைல இல்ல. இது எங்களுக்குத் தெரிய வந்தது பின்னாடிதான், அதுவும் பேச்சுவாக்குல. அக்காவே போய் "பதினஞ்சாம் தேதி தரேன்மா, கட மூடிட்டாங்க, உங்களுக்கே தெரியும்"னு கேட்டிருக்காங்க, ஓனர் அம்மா மொணகிட்டே சரின்னிருக்காங்க, பதினாலாம் தேதியே குடுத்தாச்சு. ஒன்பது மாச கணக்கு முடிய இன்னும் கொஞ்சம் இருந்துச்சு, ஆனா வாரா வாரம் போறத அதோட நிறுத்திட்டோம்.

கடைசி மூணு மாசத்துல ஒப்படைக்கறதுன்னு சொன்னேன்ல, அது காகிதத்துலயும் நடக்கணும். அதே 2017 சட்டத்துல, முடியாமப் போற நேரத்துல தனக்காகப் பேசறதுக்கு ஒரு ஆள நம்மளே எழுதிக் குடுக்கலாம். எங்க கோஆர்டினேட்டர் பேரப் போடுவாங்கன்னு நெனச்சோம். அக்கா போட்டது பழைய வீட்டுல பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்தவங்க பேர, ஒத்திகையில ஓனரா கத்தினாங்களே அவங்கதான். "அவளுக்குத்தான் என் கோவம் எப்ப நெசம், எப்ப வியாதின்னு தெரியும்"னாங்க. இன்னும் தீராதது ஈபி. ஓனர் சப் மீட்டர்ல யூனிட்டுக்குப் பத்து ரூபா வாங்கறாங்க, வீட்டு கனெக்‌ஷனுக்கு ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் அரசாங்கம் தர்ற ஃப்ரீ அக்காவுக்கு வந்து சேரல. அந்த சண்டைக்கு அக்கா இன்னும் தயாராகல, அவசரம் இல்லன்னுட்டாங்க.

வில்லிவாக்கம் வீட்டுல இப்ப நடமுறை மாறியிருக்கு. வாடகைய மாசம் ஒருத்தர் மொறை வெச்சு, ஓனர் வீட்டுப் படியேறி, கையில குடுத்து ரசீது வாங்கிட்டு வராங்க. ஈபி கார்டு ஹால்ல மாட்டியிருக்கு. குழாய் ஒழுகினா கேர் டேக்கர் போன் பண்ணக் கூடாது, அதனால போன மாசம் நாலு நாள் சொட்டிட்டே இருந்துச்சு, அஞ்சாவது நாள் ஒருத்தவங்க தாங்க முடியாம பிளம்பரக் கூப்ட்டாங்க. அடுத்து ரெண்டு பேர் ரூம் தேடறாங்க. மூணாவது ஆளா ஃபாரத்துல எல்லா டிக்கும் வாங்கினவங்க ஒருத்தவங்க இருக்காங்க, நான் எங்கயும் போகல, எனக்கு இவங்க கூடதான் இருக்கணும்னு சொல்லிட்டாங்க. அவங்கள நாங்க திரும்பக் கேக்கல.